நாணயமான கணக்கு

(மாவட்ட ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்று மண்டபத்திலே இடமின்றி வாசலிலே நின்றவர்கள் பலர். வர இயலாமற்போய், இன்று இந்த ஏட்டின் வாயிலாகப் படிக்கின்றவர்கள் அவர்களினும் பலர். உங்கள் அனைவரையும் எதிரே அமர்த்திக்கொண்டே பேசுவதாக எண்ணி, அன்று சொன்னதை எழுதித் தருகிறேன்.

தமிழிலே 'நாணயம்' என்றொரு சொல் உண்டு. சட்டைப் பையிலே கலகலவென ஒலிப்பதும் நாணயம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதும் நாணயம். கடைத்தெருவிலே ஒருவரைச் சுட்டிக்காட்டி, "அவர் நாணயமானவர்" என்றால், அவரிடம் காசு நிறைய இருக்கிறது என்று எவரும் பொருள் கொள்வதில்லை. ஆனால், வேட்பாளர் தேர்வு நடைபெறும் அறையிலே, "ஆள் எப்படி?" என்று ஒருவர் கேட்க, "நல்ல நாணயமுள்ளவர்" என்று மற்றவர் விடையிறுத்தால், கேட்டவருக்கும் ஐயமில்லை, சொன்னவருக்கும் ஐயமில்லை. எந்த நாணயம் என்பது இருவருக்கும் தெரியும்!

அரசியல்வாதி எப்போது முதற்பொய் சொல்கிறார்? மேடையிலே என்பீர்கள். மேடையிலே சொல்வது வாக்குறுதி; அது பொய்யாவதற்கு ஐந்தாண்டு தவணை உண்டு. சட்டசபையிலே என்பீர்கள். அங்கே போவதற்கு முன்பே சொல்லியாகிவிடுகிறது. வெற்றி பெற்றவரும் தோற்றவரும், பட்டாசுத் தாள் தெருவிலே கிடக்கும்போதே, மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் தேர்தல் செலவுக் கணக்கு என்றொன்றைக் கொடுக்கிறார்களே, அதுதான் அந்த முதற்பொய். முடிவு வெளியான 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் 3 ஆண்டுகள் தேர்தலிலே நிற்கத் தகுதியிழக்க நேரிடும். "இக்கணக்கு உண்மையானது, முழுமையானது" என்று உறுதிமொழிப் பத்திரமும் உடன் வைக்க வேண்டும். பொய் சொல்வதற்குக் கெடு வைத்து, படிவம் கொடுத்து, பொய் வந்து சேராவிட்டால் தண்டிக்கும் நாடு வேறெங்கேனும் உண்டோ, அறியேன்!

மிகைப்படுத்துகிறேன் என்பீரோ? முதற்பொதுத் தேர்தலிலே, 1951-52இலே, பாராளுமன்ற வேட்பாளர் ஒருவர் பெரும்பாலான மாநிலங்களிலே 25,000 ரூபாய் வரை செலவிடலாம் என்றனர். படிப்படியாக ஏற்றி, 2011இலே 40 இலட்சம், 2014இலே 70 இலட்சம், 2022இலே 95 இலட்சம் என்று பெரிய மாநிலங்களுக்கு வரம்பு வைத்தனர். சட்டமன்றத்துக்கு 40 இலட்சம். இந்த வரம்பை மீறினேன் என்று தாமே கணக்கெழுதிக் கொடுத்த வேட்பாளரைக் கண்டவர் உண்டா? பட்டி தொட்டியெங்கும் பறந்த வண்டிகள், பந்தல் பந்தலாய்ப் பரிமாறிய பிரியாணி, பகலை வெல்லும் விளக்கு, பத்தடிக்கொரு பதாகை, எல்லாம் சேர்ந்து வரம்பின் பாதியைக்கூட எட்டாத கணக்குகளைக் காண்கிறோம். நிதியமைச்சகத்துக்கு நாம் தவறான ஆட்களை அனுப்பவில்லை தோழர்களே. இத்தனை சிக்கனம் தெரிந்தவர்கள் கையிலே கருவூலம் இருக்கிறதே!

ஒருமுறை ஒருவர் வாய் தவறி உண்மை பேசிவிட்டார். 2013 ஜூனிலே, பம்பாயிலே, பாரதீய ஜனதாவின் தலைவர்களிலே ஒருவரான கோபிநாத் முண்டே, 2009 தேர்தலிலே தமக்கு 8 கோடி ரூபாய் செலவாயிற்று என்று பொதுமேடையிலேயே சொன்னார். அப்போதிருந்த வரம்பு 25 இலட்சம். அவர் கொடுத்திருந்த கணக்கோ 20 இலட்சத்தைத் தொடவில்லை. தேர்தல் ஆணையம் விளக்கம் கேட்டது. தேர்தல் முறையைச் சீர்திருத்த வேண்டும் என்பதை வலியுறுத்தும் பொருட்டே அவ்வாறு பேசினேன் என்ற வகையிலே பதில் வந்தது. பதவி பறிபோகவில்லை. மறைந்துவிட்ட அவரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடம் எனக்கு ஒரு வகையிலே மரியாதையே உண்டு. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்த அவையிலே, ஒருவராவது வாய் திறந்தார். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்துத் திகைத்ததைப்போல நடித்தனரே, அந்த நடிப்புக்கு எந்தக் கணக்கிலே செலவெழுதுவது?

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். சட்டம் ஒருமுறை கண் விழித்தது. 1971 தேர்தலிலே டெல்லித் தொகுதியொன்றிலே வெற்றி பெற்ற காங்கிரசு உறுப்பினர் மீது, தோற்ற வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். 1974 அக்டோபர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேட்பாளரின் பொருட்டு, அவர் அறிந்து, அவர் ஏற்க, கட்சி செய்யும் செலவும் அவருடைய செலவே, அதையும் கணக்கிலே சேர்க்க வேண்டும் என்றது. எளிய நீதி அன்றோ? மாப்பிள்ளைக்குப் பட்டுவேட்டி மாமனார் எடுத்துக் கொடுத்தாலும் கட்டியிருப்பவர் மாப்பிள்ளைதானே!

வறட்சி வந்தால் நிவாரணத்துக்கு ஆறு மாதம், வெள்ளம் வந்தால் குழு வருவதற்கு ஒரு மாதம் என்று நடை பயிலும் டெல்லிக்கு, அன்று எங்கிருந்தோ கால் முளைத்தது. அதே அக்டோபர் மாதத்திலேயே அவசரச் சட்டம் பிறந்தது. ஆண்டு முடிவதற்குள் அது முழுச் சட்டமாயிற்று. அதன்படி, கட்சி செய்யும் செலவும், நண்பர்கள் செய்யும் செலவும், வேட்பாளரின் செலவாகா! 1975இலே இன்னொரு திருத்தம்: தேர்தல் அறிவிக்கை வெளியான நாள் முதல் கணக்கெழுத வேண்டும் என்றிருந்ததை, வேட்பாளராக நியமனம் பெற்ற நாள் முதல் எழுதினாற்போதும் என்று மாற்றினர். செலவு மிகுந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வது குடும்பத்தான் வழக்கம். கணக்கைக் குறைத்துக்கொள்வது ஆள்வோர் வழக்கம் போலும்!

அந்த 'நண்பர்கள் செலவு' என்னும் வாசல் 2003 வரை திறந்தே கிடந்தது. பின்னரும் தலைவர்களின் பயணச் செலவு என்ற சன்னலைத் திறந்தே வைத்தனர். 'நட்சத்திரப் பேச்சாளர்கள்' என்று பட்டியல் கொடுத்துவிட்டால், அவர்கள் ஊர்திச் செலவு கட்சியைச் சாரும். ஆனால், அந்த மேடையிலே வேட்பாளர் ஏறி நின்றால் மேடைச் செலவிலே பங்கு அவர் தலையிலே விழும். விளைவு? தம்மை வெல்ல வைக்க வந்த தலைவரின் மேடையிலே ஏற அஞ்சி, பந்தலுக்குப் பின்னே பதுங்கி நிற்கும் வேட்பாளரைக் காணும் பேறு நமக்குக் கிடைத்தது. ஓட்டுக் கேட்பவரை ஓடி ஒளிய வைத்த சட்டம் இது! அவ்வளவு கண்டிப்பான சட்டத்திலே, ஒரு கட்சி மொத்தமாக எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு மட்டும் வரம்பே இல்லை. குளத்துக்குக் கரை கட்டாமல் குடத்துக்கு மூடி போட்டவர்களை என்னவென்பது?

இங்கே சிறிது திசை திரும்புகிறேன். நாணயம் என்ற சொல்லின் இரண்டாம் பொருளை நீதிமன்றமே ஆராய்ந்த கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1951இலே முட்கல் என்றொரு பாராளுமன்ற உறுப்பினர் இருந்தார். பம்பாயின் தங்க வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று, அவர்களுக்காகச் சபையிலே பேசினார் என்று புகார். பிரதமர் நேருவே தீர்மானம் கொண்டுவந்தார். ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. முட்கல் முந்திக்கொண்டு பதவி விலகினார். (அந்தக் குழுத் தலைவர் பின்னர் நிதியமைச்சராகி, 1958இலே முந்திரா விவகாரத்திலே தாமும் பதவி விலக நேர்ந்தது. அரசியல் மேடையிலே நீதிபதியின் நாற்காலிக்கும் குற்றவாளிக் கூண்டுக்கும் நடுவே வெகுதூரம் இல்லை.)

பிறகு 1993 ஜூலை வருகிறது. நரசிம்மராவ் சர்க்கார் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவாக 265, எதிராக 251 என்று சர்க்கார் பிழைத்தது. வாக்களிக்கச் சில உறுப்பினர்கள் பணம் பெற்றனர் என்று வழக்கு. 1998 ஏப்ரலிலே உச்சநீதிமன்றம் பிளவுபட்ட தீர்ப்பு வழங்கிற்று. பெரும்பான்மை சொன்னது என்ன? பாராளுமன்றத்திலே பேசும் பேச்சுக்கும் போடும் வாக்குக்கும் அரசியல் சட்டத்தின் காப்பு உண்டு. ஆகவே, பணம் பெற்று அதன்படி வாக்களித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் மீது வழக்கு நில்லாது என்றது. ஆனால், பணம் பெற்றதாகச் சொல்லப்பட்டும் வாக்களிக்காமலே இருந்த ஒருவர் இருந்தார். அவர் வாக்குப் போடவில்லை. ஆகவே, அவருக்குக் காப்பு இல்லை!

சற்று நிதானித்து எண்ணிப் பாருங்கள். வாங்கிய காசுக்கு வஞ்சகமின்றி வேலை செய்தவர் தப்பினார். வாங்கிவிட்டு வேலை செய்யாதவர் மாட்டினார். நாணயத்துக்கு நாணயமாக நடந்தவருக்கே பாதுகாப்பு! ஊழலிலும் ஒரு சொல் தவறாமை வேண்டும் என்று உயர்ந்த மன்றமே வற்புறுத்தியதுபோல் ஆயிற்று. கொடுத்தவர்களுக்குக் காப்பில்லை என்றும் அத்தீர்ப்பு கூறியது; ராவ் அவர்கள் 2000இலே தண்டிக்கப்பட்டு, 2002இலே டெல்லி உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன். இந்த விந்தைத் தீர்ப்பு கால் நூற்றாண்டுக்கும் மேல் சட்டமாக நின்றது. 2024 மார்ச் 4ஆம் நாள்தான் ஏழு நீதிபதிகள் கூடி, லஞ்சம் வாங்குவது சபை உரிமை ஆகாது என்று அதைக் கவிழ்த்தனர்.

அதே ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் வேறொரு தீர்ப்பு வந்ததை அறிவீர்கள். தேர்தல் பத்திரங்கள்! கட்சிகளுக்கு வரும் பணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்போகிறோம் என்று முழங்கிவிட்டு, கொடுப்பவர் பெயரை இருட்டிலே வைத்த திட்டம் அது. 2018 முதல் விற்றதெல்லாம் 16,518 கோடி ரூபாய்க்கு. திட்டம் செல்லாது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறி, வாங்கியவர், பெற்றவர் விவரத்தை வெளியிடச் சொன்னபோது, ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை தவணை கேட்டது. வாக்குப்பதிவும் முடிந்து, வாக்கெண்ணிக்கையும் முடிந்து, மாலையும் வாடிய பிறகு கணக்குத் தருவார்களாம்! மார்ச் 11ஆம் நாள் நீதிமன்றம், மறுநாளே கொடு என்றது. மறுநாளே வந்துவிட்டது. மூன்றரை மாத வேலை முப்பது மணி நேரத்திலே முடிந்த அதிசயத்தை வங்கி வரலாற்றிலே பொன்னெழுத்தாற் பொறிக்க வேண்டும்.

பட்டியல் வந்தது. மத்தியிலே ஆளும் கட்சிக்குத்தான் பெரும்பங்கு. வெளியான விவரப்படி ஏறத்தாழ 6,060 கோடி. தமிழ்நாட்டுக் கட்சிகளின் பெயர்களும் அதிலே உண்டு. அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கியது கோவையை இருப்பிடமாகக் கொண்ட லாட்டரி நிறுவனம்: 1,368 கோடி. தமிழ்நாட்டிலே 2003இலேயே தடை செய்யப்பட்ட தொழில் அது. சீட்டு வாங்கிய ஏழைக்குப் பரிசு விழுந்ததோ, விழவில்லையோ, கட்சிகளுக்குத் தவறாமல் விழுந்திருக்கிறது. எந்தக் கட்சி எவ்வளவு என்று விரல் நீட்டிச் சிரிக்கும் வேலையை மாலை நேரக் கூட்டங்களிலே நம் பேச்சாளர்கள் செம்மையாகச் செய்கிறார்கள். அவர்கள் பிழைப்பிலே நான் குறுக்கிடவில்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஊழியர் கூட்டம் அன்றோ இது? பிறர் அழுக்கைத் துவைப்பதற்கு இத்தனை பேர் பேருந்துக் காசு செலவழித்து வந்திருக்க வேண்டியதில்லை. இனி நான் சொல்லப்போவது நம் வீட்டுக் கணக்கு.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சட்டமன்றத் தொகுதியிலே, நம் வேட்பாளருக்குத் தேர்தல் கணக்கெழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதுதான் என் தகுதி. இரண்டு நோட்டுகள் கொடுத்தார்கள். ஒன்று அதிகாரியிடம் காட்ட, மற்றது நாங்கள் பார்க்க. தேர்தல் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. கூரை வேய்ந்த கடை, சுண்ணாம்புச் சுவர். கடைக்காரர் நம் அனுதாபி. உறுப்பினர் சீட்டுக்கூட இல்லாதவர். நாளொன்றுக்கு 500 தேநீருக்குக் குறையாமல் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவராகையால், பத்துக்கு ஒரு கோடாகச் சுவரிலே கரியால் கிழித்து வைப்பார். அதிகாரிக்கு உரிய நோட்டிலே நான் நாளொன்றுக்கு 30 தேநீர் என்று எழுதினேன். 18 நாட்கள். உண்மையிலே 9,000, கணக்கிலே 540.

540 தேநீருக்குரிய தொகையைக் கொடுத்து, 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று ரசீது எழுதி, அதிலே அவருடைய கைரேகையை வாங்கினேன். "மிச்சம்?" என்று கேட்டார். "எண்ணிக்கை முடியட்டும், இது சர்க்காருக்குக் காட்டுவதற்கு" என்றேன். "நீங்கள் சொன்னால் சரி" என்றார். அவருக்கு என்னிடம் இருந்த நாணயம் அத்தகையது.

நாம் வென்றோம். ஊர்வலம், வாணவேடிக்கை, எல்லாம் ஆயிற்று. பத்து நாள் கழித்து அவர் வந்தார். வேட்பாளரின் உறவினர் ஒருவர், அந்த ரசீதையே எடுத்து மேசைமேல் வைத்தார். "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டதாக நீரே கைநாட்டு வைத்திருக்கிறீரே?" என்றார். கடைக்காரர் ரசீதைப் பார்க்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்க்காரை ஏமாற்ற எழுதிய கணக்கு, தோழர்களே, 8,460 தேநீரை நம்பி ஊற்றிய ஓர் ஏழையை ஏமாற்றுவதற்குப் பயன்பட்டது. எழுதிய கை இந்தக் கை. வேட்பாளரிடம் போய்ச் சண்டையிடும் துணிவு அன்று எனக்கு இல்லை. நாங்கள் வட்ட ஊழியர்கள் சிலர் சேர்ந்து மாதாமாதம் சிறுதொகை கொடுத்தோம். ஏழு தவணை கொடுத்தோம். பாதிகூட அடையவில்லை. தை பிறக்குமுன் அவர் கடைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். கோடுகள் மறைந்தன. "இனி வேண்டாம் தம்பி" என்று எட்டாவது தவணையை வாங்க மறுத்தார். அதன் பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நம் கூட்டத்துக்கு வந்ததில்லை. வேறு கட்சிக்கும் போகவில்லை.

இதையேன் இப்போது கிளறுகிறாய் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. 2016இலே அரவக்குறிச்சியிலும் தஞ்சையிலும், 2017இலே ஆர். கே. நகரிலும், 2019இலே வேலூரிலும் பணம் பாய்ந்தது என்று தேர்தலையே நிறுத்தி வைத்தார்கள். மறுபடி நடந்தபோது முன்னணியிலே நின்றவர்கள் அதே வேட்பாளர்கள்தாம். இந்தியாவே நம்மைப் பார்த்து நகைத்தது. அப்போதெல்லாம், "வாக்காளன் கெட்டுப்போனான், கைநீட்டி வாங்குகிறான்" என்று நம் தோழர்களே பேசக் கேட்டேன். வாக்காளன் ஓர் இரவிலே கெட்டானா? அவன் கண்ணெதிரே நாம் இரண்டு நோட்டுகள் எழுதியதை அவன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? கைநாட்டு வாங்கிக்கொண்டு ஏமாற்றியதை அவன் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? முன்பணமாகக் கொடுத்தால்தான் ஓட்டு என்று அந்தப் பிள்ளை இன்று கேட்டால், கடன் கொடுத்து ஏமாந்தவனின் மகன் கேட்கும் கேள்வி அது.

ஆகவே, இந்தக் கூட்டத்திலே ஒரு தீர்மானம் முன்மொழிந்தேன். அதையே இங்கும் எழுதுகிறேன். அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும், அது ஊராட்சித் தேர்தலாயினும் சரி, நம் மாவட்டத்திலே ஒரே நோட்டுதான் இருக்க வேண்டும். அந்த நோட்டின் பக்கங்களை, நாள்தோறும் இரவு, தேர்தல் அலுவலக வாசற்பலகையிலே ஒட்ட வேண்டும். வட்டிக்கு வாங்கியது, நன்கொடையாக வந்தது, யார் கொடுத்தது, எவருக்குப் பாக்கி என்பதெல்லாம் அதிலே இருக்க வேண்டும். வரம்பை மீறும் நிலை வந்தால் செலவை நிறுத்த வேண்டும், கணக்கை நிறுத்தக்கூடாது. அதனால் தோற்போம் என்றால் எத்தனை வாக்கிலே தோற்றோம் என்பதையும் ஒட்டலாம்.

எதிர்ப்பு எழுந்தது. "எதிரி ஆயிரம் கொடுக்கும்போது நாம் நோட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் வைப்புத்தொகையும் போய்விடும்" என்றார் ஒரு தோழர். அனுபவசாலி, அவர் சொன்னதை அலட்சியம் செய்வதற்கில்லை. "கொடுத்தவன் பெயரை ஒட்டினால் அடுத்தமுறை எவன் கொடுப்பான்?" என்றார் இன்னொருவர். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை உண்டு: பெயர் தெரிந்தால் கொடுக்கமாட்டேன் என்பவன் கொடுப்பது நன்கொடை அன்று, முன்பணம். முதற்கேள்விக்கு விடை எனக்குத் தெரியாது. ஒரு தொகுதியிலாவது செய்து பார்த்தால் தெரியும்.

தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்படவில்லை. மாவட்டக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. குழு கூடும் நாளுக்குள் உங்கள் கிளைகளிலே இதைப் பற்றிப் பேசி, சரியெனில் சரி, தவறெனில் தவறு என்று ஓர் அஞ்சலட்டையிலாவது எழுதி அனுப்புங்கள். அந்தப் பழைய இரண்டாவது நோட்டு, நாங்கள் பார்ப்பதற்காக எழுதியது, என்னிடமே இருக்கிறது. அன்று கூட்டத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். சிலர் புரட்டிப் பார்த்தார்கள். இப்போது மாவட்ட அலுவலகத்திலே, வாசலுக்கு வலப்புறம் உள்ள அலமாரியிலே வைத்திருக்கிறேன். தேநீர்ப் பாக்கி 43ஆம் பக்கத்திலே இருக்கிறது.